வெட்டுக்கருவிப் பேரேடும் வெட்டு வேகமும்

உலோகத்தை விரும்பிய வடிவத்திற்குக் கொணரும் வழிகள் பல. உருக்கி வார்க்கலாம், காய்ச்சி அடிக்கலாம், அச்சில் வைத்து அழுத்தலாம். எனினும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கேனும் பிசகாத உறுப்புகள் வேண்டுமெனில், பெரும்பாலும் கூரிய கருவியொன்றால் உலோகத்தைச் சீவி எடுப்பதையே இறுதியில் நாட வேண்டியிருக்கிறது. கடைதல், துளையிடுதல், மில்லிங் செய்தல் ஆகிய யாவும் இச்சீவும் தொழிலின் வகைகளே.

இத்தொழிலின் வரலாற்றில் ஹைதராபாத், சிகந்தராபாத் ஆகிய இரட்டை நகரங்களுக்குத் தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டில் பிராகா டூல்ஸ் தொழிற்சாலை சிகந்தராபாத்தில் தோன்றியது. 1960-களில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஸ்தாபனம் ஹைதராபாத்தில் தன் கிளைத் தொழிற்சாலையை அமைத்தது. 1968-இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஆகியவற்றின் உதவியுடன் மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையம் பாலாநகரில் நிறுவப்பட்டது. கருவிகளையும் அச்சுகளையும் வடிவமைத்துச் செய்யும் கலையை இந்நிலையம் கற்பித்து வருகிறது. பாலாநகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருமுல்கேரியில், ராணுவத்தின் மின்னணு, யந்திரப் பொறியியற் கல்லூரி அமைந்துள்ளது. 1973-இல் தோன்றிய மிஸ்ர தாது நிகாம் என்னும் உலோகத் தொழிற்சாலையோ, டைட்டானியம் போன்ற அரிய உலோகங்களையும் சிறப்புக் கலப்பு உலோகங்களையும் இந்நகரிலேயே உற்பத்தி செய்கிறது.

இத்தகைய வட்டாரத்தில் உள்ள பட்டறை ஒன்றில் இன்று நாம் நுழைந்தால், முன்பு யந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றிய தொழிலாளியின் இடத்தில் கணிப்பொறி ஆணையிட்டுக்கொண்டிருப்பதைக் காண்போம். உறுப்பின் வடிவத்தைக் கணிப்பொறியில் வரைந்து, கருவி செல்ல வேண்டிய பாதையை உற்பத்தி மென்பொருள் வகுத்துத் தருகிறது. ஆனால் எந்தக் கருவி, எந்த வேகம் என்பதை மென்பொருள் தானாக அறியாது. அதற்கென வைத்திருக்கும் பேரேடு ஒன்றைப் பார்த்தே அது கணக்கிடுகிறது. பட்டறைகளில் 'டூல் லைப்ரரி' என்று வழங்கும் இந்தக் கருவிப் பேரேட்டை எவ்வாறு எழுத வேண்டும், எவ்வாறு காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூன்று கேள்விகள்

இப்பேரேட்டின் மூலத்தைத் தேடிச் சென்றால், கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்த ஒரு பொறியியலாளரை அடைவோம். அமெரிக்க நாட்டினரான பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர், 1880-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் உள்ள மிட்வேல் எஃகுத் தொழிற்சாலையில் உலோகத்தை வெட்டுவது பற்றிய பரிசோதனைகளைத் தொடங்கினார். அவை 26 ஆண்டுகள் நடைபெற்றன. பதிவு செய்யப்பட்ட பரிசோதனைகள் 30,000-க்கும் மேல். அவற்றிற்காகச் சீவல்களாக்கப்பட்ட எஃகும் இரும்பும் 8 லட்சம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,60,000 கிலோகிராம். 1906-இல் அமெரிக்க யந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார்.

கடைசல் யந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி ஒவ்வொரு நாளும் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டியவனாயிருக்கிறான் என்றார் டெய்லர். எந்தக் கருவியை உபயோகிப்பது? எந்த வேகத்தில் வெட்டுவது? எவ்வளவு ஊட்டம் கொடுப்பது? கேள்விகள் எளியவை. ஆயினும் உலோகத்தின் கடினம், கருவியின் பொருள், அதன் முனை வடிவம், வெட்டின் ஆழம், குளிர்விக்கும் திரவம், யந்திரத்தின் வலிமை எனப் பன்னிரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னி விடையை நிர்ணயிப்பதை அவர் கண்டார். டெய்லருடன் பணியாற்றிய கார்ல் பார்த் என்னும் கணித வல்லுநர், இக்கணக்குகளை நொடியில் செய்து முடிக்கத் தனி நழுவு சட்டம் ஒன்றை அமைத்தார். தொழிலாளியின் மனத்தில் மட்டும் குடியிருந்த அறிவு முதன்முறையாக ஒரு சாதனத்தில் ஏற்றப்பட்டது அப்பொழுதுதான். இன்றைய கருவிப் பேரேடு அந்த நழுவு சட்டத்தின் வழித்தோன்றலே ஆகும்.

1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்களால் இயக்கப்படும் மில்லிங் யந்திரம் செய்து காட்டப்பட்ட பின்னர், கேள்விகள் மாறவில்லை; விடையளிக்கும் நேரம் மட்டுமே மாறியது. முன்பு வெட்டும்பொழுது தொழிலாளி விடையளித்தான். சீவலின் நிறத்தைக் கண்டும், யந்திரத்தின் ஓசையைக் கேட்டும் அவன் கைப்பிடியைத் திருத்திக்கொள்ள முடிந்தது. இன்றோ வெட்டு தொடங்குவதற்கு முன்பே எண்கள் யாவும் முடிவாகி விடுகின்றன. எனவே அவ்வெண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது முன்னிலும் முக்கியமாகிறது.

வெட்டு வேகம் என்பது யாது?

வெட்டு வேகத்தையும் சுழற்சி வேகத்தையும் பலர் ஒன்றெனக் கருதுவர். இரண்டும் வேறு. சுழற்சி வேகம் என்பது கருவியோ உறுப்போ ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்பதாகும். வெட்டு வேகம் என்பது கருவியின் விளிம்பு உலோகத்தின் மேல் ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் தூரம் செல்கிறது என்பதாகும். ஒரே அச்சில் சுழலும் சிறு சக்கரத்தின் விளிம்பைவிடப் பெருஞ் சக்கரத்தின் விளிம்பு விரைந்து செல்வதை நாம் அறிவோம். அதுபோன்றே இதுவும்.

இவ்விரண்டையும் இணைக்கும் கணக்கு எளிது. மீட்டரில் உள்ள வெட்டு வேகத்தை 1,000-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால், நிமிடத்திற்குரிய சுற்றுகள் கிடைக்கும். சாதாரண மெல்லிரும்பை ஹைஸ்பீடு எஃகுக் கருவியால் நிமிடத்திற்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்டலாம் எனக் கொள்வோம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவிக்கு இது 955 சுற்றுகளாகும். 20 மில்லிமீட்டர் கருவிக்கோ அதில் பாதி, ஏறத்தாழ 477 சுற்றுகளே. கார்பைடு கருவியை எடுத்துக்கொண்டு வேகத்தை 120 மீட்டராக உயர்த்தினால், 10 மில்லிமீட்டர் கருவி 3,820 சுற்றுகள் சுழல வேண்டும்.

ஊட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மில்லிங் கருவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் எவ்வளவு உலோகத்தைக் கடிக்கிறது என்பதே அடிப்படை அளவு. பல்லுக்கு 0.05 மில்லிமீட்டர் என்றும், பற்கள் நான்கு என்றும், சுற்றுகள் 3,820 என்றும் கொண்டால், யந்திர மேடை நிமிடத்திற்கு 764 மில்லிமீட்டர் நகர வேண்டும். பல் மிகுதியாகக் கடித்தால் முறியும். மிகக் குறைவாகக் கடித்தாலோ, வெட்டாமல் உராய்ந்து சூடேறி மழுங்கும்.

கருவியின் ஆயுள்

வெட்டும்பொழுது செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. வேகம் உயர உயர வெப்பமும் உயர்கிறது. ஹைஸ்பீடு எஃகு ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு வரையில் தன் கடினத்தைக் காக்கும். கார்பைடு அதனினும் மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை நெருங்கும்பொழுது கருவி தேய்வது படிப்படியாக அன்று, பாய்ச்சலாகவே அதிகரிக்கிறது.

வேகத்திற்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை டெய்லர் ஒரு விதியாக வகுத்தார். கருவியின் ஆயுட்காலத்தை ஒரு குறிப்பிட்ட அடுக்கிற்கு உயர்த்தி, வெட்டு வேகத்தால் பெருக்கினால் வரும் தொகை மாறாது என்பதே அவ்விதி. அந்த அடுக்கு ஹைஸ்பீடு எஃகுக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. கார்பைடுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

இதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கார்பைடு கருவி நிமிடத்திற்கு 120 மீட்டர் வேகத்தில் 60 நிமிடங்கள் உழைக்கிறது எனக் கொள்வோம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டி 144 மீட்டராக்கினால், ஆயுள் 29 நிமிடமாகக் குறைந்துவிடும். வேகத்தை இருமடங்காக்கினால் ஆயுள் பதினாறில் ஒரு பங்கு. நான்கு நிமிடங்கள்கூட நில்லாது. ஹைஸ்பீடு எஃகின் நிலை இன்னும் கடுமையானது. அங்கே வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 60 நிமிட ஆயுள் 14 நிமிடமாகச் சுருங்கும்.

பேரேட்டில் ஓர் எண் சிறிது பிழைபட்டால் பட்டறையில் விளைவது சிறு நஷ்டமன்று என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது. அச்சுகள் பெரும்பாலும் ஒன்றே ஒன்றாகச் செய்யப்படுபவை. பல நாட்கள் வெட்டிய விலையுயர்ந்த எஃகுப் பாளத்தின் கடைசி வெட்டில் கருவி முறிந்து புதைந்தால், நாட்களும் உலோகமும் சேர்ந்தே வீணாகும். டைட்டானியம் போன்ற உலோகத்தில் ஆபத்து இன்னும் ஒருபடி கூடுதல். டைட்டானியக் கலப்பு உலோகங்களின் வெப்பங் கடத்தும் திறன் சாதாரண எஃகுடன் ஒப்பிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. ஆகவே வெப்பம் சீவலோடு வெளியேறாமல் கருவியின் முனையிலேயே தங்கிவிடுகிறது. எஃகிற்குரிய வேகத்தைத் தவறுதலாக அதற்குக் கொடுத்தால் கருவி விரைவில் அழிவதோடு, மெல்லிய சீவல்கள் தீப்பற்றவும் கூடும்.

பேரேட்டில் எழுத வேண்டுவன

கருவிப் பேரேட்டின் ஒவ்வொரு பதிவிலும் மூன்று பகுதிகள் இருத்தல் வேண்டும்.

முதலாவது, கருவியின் உருவம். அதன் வகை, விட்டம், முனையின் வளைவு, பற்களின் எண்ணிக்கை, வெட்டும் பகுதியின் நீளம், கருவியின் பொருள், அதன் மேற்பூச்சு ஆகியவை இப்பகுதியைச் சேர்ந்தவை. ஒரு தயாரிப்பாளரின் விவரத்தை மற்றொருவருடைய மென்பொருளும் படித்தறியும் வண்ணம், சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 13399 என்ற எண்ணுள்ள தரத்தை வகுத்திருக்கிறது.

இரண்டாவது, கருவியைப் பற்றியிருக்கும் ஹோல்டரும், அதிலிருந்து கருவி வெளியே நீண்டிருக்கும் அளவும். பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. கருவி வளையும் அளவு நீட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 30 மில்லிமீட்டர் நீட்டியிருந்த கருவியை 45 மில்லிமீட்டர் நீட்டினால் அது மூன்று மடங்கிற்கும் மேலாக வளையும். 60 மில்லிமீட்டர் நீட்டினால் எட்டு மடங்கு வளையும். எனவே ஒரே கருவியை இருவேறு நீட்டங்களில் உபயோகிப்பதாயின், அவற்றை இரண்டு பதிவுகளாகவே எழுதுதல் நன்று.

மூன்றாவது, வெட்டு நிலைகள். இவை கருவிக்கு மட்டும் உரியன அல்ல. கருவியும் வெட்டப்படும் உலோகமும் கூடிய இணைக்கே உரியன. ஒரே கார்பைடு கருவி அலுமினியத்தில் 300 மீட்டர் வேகத்தில் செல்லலாம். டைட்டானியத்தில் 50 மீட்டரே தகும். எனவே ஒவ்வொரு கருவியின் கீழும் உலோகவாரியாக வேகமும் ஊட்டமும் எழுதப்பெற வேண்டும். வெட்டப்படும் உலோகங்கள் சர்வதேசத் தரத்தில் ஆறு குலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எஃகிற்கு நீலம், துருவேறா எஃகிற்கு மஞ்சள், வார்ப்பிரும்பிற்குச் சிவப்பு, அலுமினியம் போன்ற இரும்பல்லா உலோகங்களுக்குப் பச்சை, டைட்டானியத்திற்கும் உயர்வெப்பக் கலப்பு உலோகங்களுக்கும் பழுப்பு, கடினமாக்கப்பட்ட எஃகிற்குச் சாம்பல் என நிறங்களும் குறிக்கப்பட்டுள்ளன. கருவிப் பெட்டிகளின் மேல் இந்நிறங்களை வாசகர்கள் கண்டிருக்கக் கூடும்.

குலத்தை மட்டும் குறித்தல் போதாது. நம் நாட்டுப் பட்டறைகளில் பழகிய ஈ.என். 24 எஃகையே எடுத்துக்கொள்வோம். பதப்படுத்தி மென்மையாக்கிய நிலையில் அதற்குத் தகும் வேகம், கடினமாக்கிய பின் தகாது. பெயர் ஒன்றே, உலோகத்தின் நிலை வேறு. ஆகவே பேரேட்டில் உலோகத்தின் பெயரோடு அதன் கடின அளவும் இடம்பெறல் வேண்டும்.

விளைவை எழுதாது காரணத்தை எழுதுக

பேரேட்டை எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய தலையாய விதி ஒன்று உண்டு. சுழற்சி வேகத்தையும் நிமிடத்திற்கான மேடை நகர்ச்சியையும் எழுதி வைத்தல் தகாது. வெட்டு வேகத்தையும் பல்லுக்குரிய ஊட்டத்தையுமே எழுத வேண்டும். முன்னவை விளைவுகள், பின்னவை காரணங்கள். காரணங்களைக் கொடுத்தால் விளைவுகளை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும்.

இவ்விதியின் அவசியத்தை ஓர் உதாரணம் காட்டும். 3 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டு பற்களும் உள்ள கார்பைடு கருவியால் அலுமினியத்தை நிமிடத்திற்கு 300 மீட்டர் வேகத்தில் வெட்டக் கணக்கிட்டால், சுற்றுகள் 31,800-க்கும் மேல் வரும். பல்லுக்கு 0.03 மில்லிமீட்டர் ஊட்டமெனில், மேடை நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,910 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதிவேக யந்திரம் ஒன்றில் இவ்விரு எண்களும் பொருந்தும். அப்பதிவை அப்படியே, 8,000 சுற்றுகளுக்கு மேல் சுழல இயலாத சாதாரண யந்திரத்திற்கு மாற்றினால் நிகழ்வது யாது? சுழற்சி 8,000-இல் நின்றுவிடும். மேடையோ 1,910 மில்லிமீட்டர் வேகத்திலேயே நகரும். ஒவ்வொரு பல்லும் 0.03-க்குப் பதிலாக ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் கடிக்க நேரும். அவ்வளவு மெல்லிய கருவி நான்கு மடங்குச் சுமையைத் தாங்காது முறிவதே இயல்பு.

பல்லுக்குரிய ஊட்டத்தையே பேரேடு வைத்திருந்தால், மென்பொருள் யந்திரத்தின் எல்லையை அறிந்து சுழற்சியை 8,000-ஆகக் குறைக்கும்பொழுது, மேடையின் நகர்ச்சியையும் 480 மில்லிமீட்டராகக் குறைத்துவிடும். வேலை சற்றுத் தாமதமாகும்; கருவி பிழைக்கும். இதற்கென ஒவ்வொரு யந்திரத்தின் உச்சச் சுழற்சியும் ஆற்றலும் தனியே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கருவியின் பதிவில் யந்திரத்தின் எல்லையைக் கலத்தல் கூடாது.

அலகுகளைப் பற்றிய எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். அங்குலக் கணக்கில் எழுதிய பதிவை மில்லிமீட்டர்க் கணக்கில் படித்தால் பிழை 25.4 மடங்காகும். வெளியிலிருந்து பெற்ற பேரேடு எதுவாயினும், அதன் முதற் பதிவையாவது கையால் கணக்கிட்டுச் சரிபார்த்த பின்னரே உபயோகத்திற்குக் கொள்ள வேண்டும்.

கணக்குச் சரியாயினும் பிழை நேரும் இடங்கள்

பேரேட்டில் உள்ள எண் சரியாகவே இருந்தும் பயன் தவறாகக்கூடிய இரண்டு இடங்களைக் குறிப்பிடுவோம்.

அச்சுகளின் வளைந்த பரப்பை வெட்ட, முனை உருண்டையான கருவியை உபயோகிப்பது வழக்கம். அத்தகைய 10 மில்லிமீட்டர் கருவி அரை மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே வெட்டும்பொழுது, உலோகத்தைத் தொடும் பகுதியின் விட்டம் 10 மில்லிமீட்டர் அன்று, ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டரே. முழு விட்டத்தைக் கொண்டு சுழற்சியைக் கணக்கிட்டால், உண்மை வெட்டு வேகம் நாம் கருதியதில் பாதிக்கும் குறைவாகும். பரப்பு சொரசொரப்பாக அமைவதற்கும், வேலை வீணே நீள்வதற்கும் பல சமயங்களில் இதுவே காரணம். உருண்டை முனைக் கருவிகளின் பதிவுகளில், வெட்டின் ஆழத்தையும் உடன் குறித்தல் இதனைத் தவிர்க்கும்.

இரண்டாவது இடம் கடைசல் யந்திரம். உறுப்பின் முகத்தை வெளிவிளிம்பிலிருந்து மையம் நோக்கிச் சீவும்பொழுது விட்டம் குறைந்துகொண்டே வரும். வெட்டு வேகம் மாறாதிருக்க வேண்டுமெனில் சுழற்சி உயர்ந்துகொண்டே போக வேண்டும். ஜி 96 என்னும் கட்டளை இதனைத் தானே செய்விக்கிறது. 150 மீட்டர் வேகத்திற்கு, 100 மில்லிமீட்டர் விட்டத்தில் 477 சுற்றுகள் போதும். 10 மில்லிமீட்டரில் 4,775 வேண்டும். 1 மில்லிமீட்டரில் 47,750 வேண்டும். மையத்திலோ கணக்கிற்கு எல்லையே இல்லை. சுழற்சி உயர்ந்தால், சக்கின் தாடைகளை வெளியே தள்ளும் விசை சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப வளர்ந்து, பிடிப்பைத் தளர்த்தும். கனமான உறுப்பு பிடியிலிருந்து விடுபட்டால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஜி 96 கட்டளை வரும் ஒவ்வொரு நிரலிலும், சுழற்சிக்கு உச்சவரம்பு விதிக்கும் கட்டளையும் தவறாது இடம்பெற வேண்டும். அவ்வரம்பு உறுப்பின் எடையையும் அது பற்றப்பட்டிருக்கும் விதத்தையும் பொறுத்தது. இதனைப் பேரேடு நமக்குச் சொல்லாது. வேலையைத் திட்டமிடுவோரே நிர்ணயிக்க வேண்டும்.

ஒரே பேரேடு, ஒரே பொறுப்பாளர்

பட்டறைகளில் பேரேடு கெட்டுப்போகும் விதம் பெரும்பாலும் ஒன்றே. முதலில் ஒரு பேரேடு இருக்கும். அவசரத்தில் ஒருவர் அதை நகல் செய்து, தம் வேலைக்கு ஏற்ப ஓர் எண்ணை மாற்றுவார். மற்றொருவர் அந்நகலை நகல் செய்வார். சில மாதங்களில் ஒரே பட்டறையில் ஐந்தாறு பேரேடுகள் உலவும். எது சரியானது என்று கூற எவராலும் இயலாது. ஒரு வேலையில் 5-ஆம் எண் கருவி துளையிடும் டிரில்லாகவும், மற்றொன்றில் அதுவே மில்லிங் கருவியாகவும் இருக்கும். யந்திரத்தில் கருவியை மாட்டுபவர் முந்தைய நாளின் நினைவை நம்பினால், துளையிட வேண்டிய இடத்தில் மில்லிங் கருவி இறங்கும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவதாக, கருவியின் அடையாள எண்ணையும் யந்திரத்தில் அது அமரும் இருக்கையின் எண்ணையும் வேறுபடுத்த வேண்டும். இருக்கை மாறலாம், அடையாளம் மாறலாகாது. இரண்டாவதாக, பேரேடு பொதுவான ஓரிடத்தில் இருக்க வேண்டும். எல்லாரும் படிக்கலாம், எழுதும் அதிகாரம் ஒருவருக்கே இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு மாற்றத்தின் அருகிலும் தேதியும் காரணமும் குறிக்கப்பட வேண்டும்.

பழைய வேலைகளைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. பல மென்பொருள்களில், வேலைக் கோப்பொன்றில் கருவியைச் சேர்த்தவுடன் அதன் எண்கள் அக்கோப்பிற்குள் நகலாகிவிடுகின்றன. பின்னர்ப் பேரேட்டைத் திருத்தினாலும் பழைய கோப்பு திருந்துவதில்லை. இது தீமையே எனக் கருதிவிடலாகாது. நன்கு வெட்டிப் பழகிய வேலையின் எண்கள் நாம் அறியாமலே மாறிவிடுவதும் ஆபத்தே. எனவே பழைய வேலையை மீண்டும் எடுக்கும்பொழுது, அதன் எண்களைப் பேரேட்டின் எண்களோடு ஒப்பிட்டு, வேறுபாடு கண்ட இடத்தில் இரண்டில் எது தகும் என முடிவு செய்த பின்னரே யந்திரத்தை இயக்க வேண்டும்.

அநுபவம் திரும்பி வரும் வழி

புதிய பேரேட்டின் எண்கள் எங்கிருந்து வருகின்றன? கருவி தயாரிப்பாளரின் பட்டியல்களிலிருந்தும் கையேடுகளிலிருந்துமே வருகின்றன. 1962-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் 1982-இல் வெளியிட்ட யந்திரக் கருவி வடிவமைப்புக் கையேடு, நம் நாட்டுப் பொறியியலாளர்களுக்கு நெடுங்காலம் துணை நின்றது. ஆயினும் பட்டியல் எண்கள் தொடக்க எண்களே. உறுதியான புதிய யந்திரம், தரமான ஹோல்டர், குறைவற்ற குளிர்விக்கும் திரவம் ஆகியவற்றை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை அவை. இருபது ஆண்டு உழைத்துத் தேய்ந்த யந்திரத்தில் அவை அப்படியே பொருந்துமென எதிர்பார்த்தல் தவறு.

ஆகவே ஒவ்வோர் எண்ணின் அருகிலும், அது பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதா, நம் யந்திரத்தில் வெட்டித் தேறியதா என்பதைக் குறித்தல் பெரும் பயன் தரும். தேறிய எண்ணாயின், எந்த யந்திரத்தில், எந்த உலோகத்தில், கருவி எத்தனை நிமிடம் உழைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தேய்வை அளக்கவும் வழியுண்டு. கருவியின் பக்கவாட்டில் உண்டாகும் தேய்ந்த பட்டையின் சராசரி அகலம் 0.3 மில்லிமீட்டரை எட்டும்பொழுது அதன் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது, கடைசல் கருவிப் பரிசோதனையில் வழங்கும் சர்வதேச முறையாகும். எளிய உருப்பெருக்கி ஒன்று இதற்குப் போதும்.

இங்கேதான் யந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளியின் பங்கு இன்றியமையாததாகிறது. யந்திரத்தின் பலகையில் ஊட்டத்தையும் சுழற்சியையும் கூட்டவும் குறைக்கவும் திருகுகள் உண்டு. அநுபவமிக்க தொழிலாளி ஓசையைக் கேட்டு, அத்திருகை 80 விழுக்காட்டிற்குத் திருப்பிவைத்து வேலையைக் காப்பாற்றுவான். வேலை முடிந்ததும் திருகு தன் நிலைக்குத் திரும்பும். அவன் கண்டறிந்த உண்மை எங்கும் எழுதப்படாமல் மறையும். மறுமுறை வேறொருவர் நின்றால் கருவி முறியும். ஒவ்வொரு வேலைத்தாளிலும், திருகு எங்கே வைக்கப்பட்டது, ஏன் என்று எழுத இரண்டு வரி இடம் விட்டு, வாரம் ஒருமுறை அவற்றைத் தொகுத்துப் பேரேட்டில் ஏற்றினால், அவ்வறிவு பட்டறையின் நிலையான சொத்தாகும்.

கணிப்பொறி வந்ததனால் கைத்திறன் தேவையற்றுப் போயிற்று என்று கூறுவோர் உண்டு. உண்மை வேறு. டெய்லர் 26 ஆண்டுகள் உழைத்துத் திரட்டிய அறிவு, அவர் அதனை எழுதி வைத்ததனாலேயே நமக்குக் கிட்டியது. பாலாநகரிலோ கோயம்புத்தூரிலோ முப்பது ஆண்டு யந்திரத்தின் முன் நின்ற கடைசல் தொழிலாளி ஓய்வு பெறும்பொழுது, அவருடைய அறிவும் அவருடனேயே வாயிலைக் கடந்து சென்றுவிடுமா, அடுத்த தலைமுறைக்குத் தங்குமா என்பது அப்பட்டறையின் பேரேட்டைப் பொறுத்ததாகும். மென்பொருளை விலைக்கு வாங்கலாம், கருவிகளையும் வாங்கலாம். தன் யந்திரத்தில் தன் உலோகத்திற்கு எந்த வேகம் தகும் என்னும் எண்ணை மட்டும் ஒவ்வொரு பட்டறையும் தானே வெட்டிக் கண்டு, தானே எழுதி, தானே காத்தல் வேண்டும்.